உடல் இளைக்கப் பட்டினி: பான்டிங் முதல் குன்னூர் வரை

சுவீடன் நாட்டு மொழியில் ‘பான்ட்டா’ என்றொரு வினைச்சொல் உண்டு. உடல் இளைப்பதற்காக உணவைக் கட்டுப்படுத்துதல் என்பது அதன் பொருள். இன்றும் அந்நாட்டு மக்கள் அன்றாடம் வழங்கும் சொல் அது. ஆனால் அது ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை அங்கேயே பலர் அறியார். அந்த மனிதர் மருத்துவர் அல்லர், விஞ்ஞானியும் அல்லர். லண்டனில் சவ அடக்கத்துக்கான ஏற்பாடுகளைச் செய்து தரும் தொழிலில் பேர் பெற்றவர். அவர் பெயர் வில்லியம் பான்டிங்.

1862ஆம் ஆண்டில் பான்டிங்குக்கு வயது 66. உயரம் 5 அடி 5 அங்குலம். எடையோ 202 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 92 கிலோ. குனிந்து தம் காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் முடியவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது முழங்கால் தாங்காது என்று பின்புறமாகத் திரும்பி இறங்குவார். எடையைக் குறைப்பதற்காக அவர் செய்யாதது ஒன்றுமில்லை. படகு வலித்தார், பசி அதிகமாயிற்றே தவிர எடை குறையவில்லை. வெந்நீர்க் குளியல், நீராவிக் குளியல், கடல் குளியல், மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. கடைசியில் காது கேட்பது மந்தமாகிறது என்று ஒரு காது மருத்துவரிடம் போனார். அந்த மருத்துவர் பெயர் வில்லியம் ஹார்வி. இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி அல்லர் இவர். அவருக்கு இரு நூற்றாண்டுகள் பிற்பட்டவர்.

இந்த ஹார்வி 1856இல் பாரிசுக்குப் போயிருந்தபோது கிளாட் பெர்னார் என்னும் பெரிய உடலியல் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டவர். கல்லீரல் தானே சர்க்கரையை உண்டாக்குகிறது என்று பெர்னார் கண்டிருந்தார். மாவும் சர்க்கரையும்தாம் கொழுப்பைக் கூட்டுகின்றனவோ என்ற ஐயம் ஹார்வியின் மனத்தில் அன்றே விழுந்துவிட்டது. ஆகவே பான்டிங்கிடம் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டுவிடுமாறு சொன்னார். இறைச்சி, மீன், காய்கறி, பழம் ஆகியவற்றுக்குத் தடையில்லை. திராட்சை மதுவுக்குக்கூடத் தடையில்லை! ஓராண்டில் பான்டிங் 46 பவுண்டு, அதாவது 21 கிலோ இளைத்தார். மகிழ்ச்சி தாங்காமல் 1863இல் ‘உடற்பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம்’ என்று சிறு நூலொன்றைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அதற்குப் பிறந்த வரவேற்பு அவரே எதிர்பாராதது. பல பதிப்புகள் வந்தன. பிற மொழிகளில் பெயர்க்கப்பட்டன. ஆங்கிலத்திலும் ‘பான்ட்’ என்பது சில காலம் வினைச்சொல்லாகவே வழங்கியது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பான்டிங் பட்டினி கிடக்கவில்லை. நாள்தோறும் நான்கு வேளை நன்றாகவே உண்டார். 81ஆம் வயதில், 1878இல் இறக்கும்வரை அந்த முறையைப் பெரும்பாலும் விடாமல் கைக்கொண்டார். அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்ட பலரோ ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இருந்துவிட்டுப் பழையபடி உண்ணத் தொடங்கினர். உணவுப் பழக்கம் வேறு, தவணை முறைப் பத்தியம் வேறு என்ற வேறுபாடு அன்றே மறக்கப்பட்டுவிட்டது.

கணக்குப் புத்தகம் வருகிறது

பான்டிங் எதை உண்பது என்று பார்த்தார். எவ்வளவு என்று எண்ணும் வழக்கம் பிறகு வந்தது. அமெரிக்காவில் மிடில்டவுன் என்னும் ஊரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியல் பேராசிரியர் 1890களில் ஒரு விந்தையான அறையைக் கட்டினார். ஓர் ஆள் படுத்து எழத்தக்க சிறு அறை. அதற்குள் ஒருவர் நாட்கணக்கில் தங்குவார். அவர் உண்ணும் உணவு, வெளியிடும் கழிவு, மூச்சுக் காற்று, உடலிலிருந்து வெளிப்படும் வெப்பம் எல்லாம் அளக்கப்படும். இத்தகைய ஆய்வுகளின் பயனாகவே ஒரு கிராம் புரதம் 4 கலோரி, மாவுப்பொருள் 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி தரும் என்ற கணக்கு நிலைபெற்றது. இன்று கடையில் வாங்கும் பிஸ்கட் உறையில் நீங்கள் படிக்கும் எண்கள் அந்தச் சிறு அறையின் வழிவந்தவை.

அட்வாட்டரின் கவலை ஏழைத் தொழிலாளி குறைந்த செலவில் போதிய உணவு பெறுவது எப்படி என்பது. அந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பியவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பெண் மருத்துவர் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ். 1918இல் அவர் எழுதிய ‘உணவும் உடல்நலமும்’ என்ற நூல் அமெரிக்க இல்லத்தரசிகளுக்குக் கலோரி என்ற சொல்லை அறிமுகம் செய்தது. இனி ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்பது அவர் அறிவுரை. நாளொன்றுக்கு 1,200 கலோரி என்று அவர் போட்ட எல்லை நூறாண்டுகளாகியும் மறையவில்லை. நம் ஊரில் கையிலிருந்து கைக்கு மாறும் ‘டயட்’ பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். அதே 1,200 பலவற்றில் இருக்கும். யாருக்கு, எந்த வயதுக்கு, எந்த வேலைக்கு என்ற கேள்வி மட்டும் இராது.

கணக்குப் போடச் சோம்பியவர்கள் மருந்தைத் தேடினர். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளைக் கையாண்ட தொழிலாளர்களுக்குக் காய்ச்சல் கண்டது, வியர்த்துக் கொட்டியது, உடல் இளைத்தது, சிலர் இறந்தனர். இதை மனத்திற்கொண்டு 1933இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதையே இளைக்கும் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தனர். உலையே ஏற்றாமல் அடுப்பில் விறகை எரித்தால் எப்படியோ, அப்படித்தான் இம்மருந்து வேலை செய்கிறது. உணவின் ஆற்றல் செல்லுக்குப் பயன்படாமல் வெறும் வெப்பமாகவே போய்விடுகிறது. எடை உண்மையிலேயே குறைந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் சுமார் ஒரு லட்சம் பேர் அதை உட்கொண்டிருந்தனர். பிறகு இளம் பெண்களுக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியது. அடங்காத காய்ச்சலால் சிலர் மாண்டனர். 1938இல் அமெரிக்க அரசு அதை மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அறிவித்தது. ஆயினும் அது இன்றும் மறைமுகமாக விற்கப்படுகிறது. இன்றும் ஆட்களைக் கொல்கிறது.

மைதானத்துக்கு அடியில் 36 பேர்

உணவைக் குறைத்தால் மனித உடலில் உண்மையில் நடப்பது என்ன? இதை முழுமையாக அளந்து பார்த்தவர்கள் இளைக்க விரும்பியவர்கள் அல்லர் என்பதுதான் வியப்பு.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் வாடினர். போர் முடிந்ததும் அவர்களுக்கு எப்படி உணவூட்டித் தேற்றுவது? இதைக் கண்டறிய மினசோட்டா பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ் ஒரு திட்டம் வகுத்தார். நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களை அரைப்பட்டினி போட்டு, பிறகு தேற்றிப் பார்ப்பதே அது. அந்நாட்டில் மதக் கொள்கை காரணமாகவோ மனச்சான்று காரணமாகவோ ஆயுதம் ஏந்த மறுத்தவர்களுக்கு மாற்றுப் பணி கொடுத்திருந்தார்கள். அவர்களிடையே அழைப்பு விடப்பட்டது. 200க்கும் மேற்பட்டோர் முன்வந்தனர். 36 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். போர்முனைக்குப் போக மறுத்ததற்காகக் கோழைகள் என்று ஏசப்பட்டவர்கள், பசித்த மக்களுக்காகத் தங்கள் உடலைக் கொடுத்தார்கள்.

மினியாபொலிஸ் நகரில் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் படிக்கட்டு வரிசைகளுக்கு அடியில் இருந்தது கீஸின் ஆய்வகம். 1944 நவம்பரில் ஆய்வு தொடங்கியது. முதல் 12 வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 3,200 கலோரி கொடுத்து அவரவர் இயல்பு நிலையை அளந்தனர். 1945 பிப்ரவரி 12 முதல் 24 வாரங்கள் அரைப்பட்டினி. போர்க்கால ஐரோப்பியர் உண்டதைப் போலவே உருளைக்கிழங்கு, கோசு, கிழங்கு வகைகள், கறுப்பு ரொட்டி, மக்ரோனி. நாளொன்றுக்குச் சராசரி 1,570 கலோரி. கூடவே வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டும்.

வாசகரே, அந்த எண்ணை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 1,570 கலோரியைக் கீஸ் அரைப்பட்டினி என்று அழைத்தார். பீட்டர்ஸின் பட்டியலோ 1,200. இளைஞர்கள் ஆண்கள், நிறைய நடந்தவர்கள், கொழுத்தவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் ஒருவரை எங்கே கொண்டு போகக்கூடும் என்று அறிய இந்த ஆய்வைவிடத் தெளிவான சான்று கிடையாது.

அவர்கள் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போயிற்று. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 55இலிருந்து 35 வரை இறங்கியது. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 40 சதவீதம் குறைந்தது. கோடைக்காலத்திலும் குளிர் தாங்காமல் போர்வை கேட்டனர். முடி உதிர்ந்தது, கணுக்காலில் நீர் கோத்துக்கொண்டது, நாற்காலியில் உட்கார எலும்பு உறுத்தும் என்று தலையணையோடு நடந்தனர். உடல் தன் வரவு குறைந்ததைக் கண்டு, செலவை ஒவ்வொன்றாக வெட்டியது. சிக்கனமான குடும்பத் தலைவி பஞ்ச காலத்தில் செய்வதைத்தான் அது செய்தது.

உடலில் நேர்ந்ததைவிட மனத்தில் நேர்ந்தது கொடுமை. படித்த இளைஞர்கள், உலக அரசியல் பேசியவர்கள், உணவைத் தவிர வேறு பேச்சை மறந்தனர். சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்தனர். தட்டை நக்கினர். கிடைத்த சிறு உணவை மணிக்கணக்காக வைத்து உண்டனர். ஒருவர் நாளொன்றுக்கு 40 பொட்டலம் சூயிங்கம் மென்றார். காப்பிக்கு ஒருவருக்கு ஒன்பது கோப்பை என்று எல்லை வகுக்க வேண்டியிருந்தது. வெளியே போய்த் திருட்டுத்தனமாக உண்டுவிட்ட ஒருவர் நீக்கப்பட்டார். அதன்பின் யாரும் துணையின்றி வெளியே போகக்கூடாது என்றாயிற்று. சிடுசிடுப்பும் சோர்வும் மிகுந்தன, காதல் மறந்தது. சாதாரண உடல்வாகு உடையவர்களைப் பார்த்து, இவர்கள் ஏன் இவ்வளவு பருத்திருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். பத்தியத்தில் பாதியில் நிற்பவரை மன உறுதியற்றவர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மன உறுதிக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர்களின் கதை இது.

1945 ஜூலை இறுதியில் தேற்றும் கட்டம் தொடங்கியது. எல்லாரும் துயரம் முடிந்தது என்று நினைத்தனர். ஆனால் சிறிது சிறிதாகக் கூட்டிய உணவு போதவில்லை. சிலருக்கு மனச்சோர்வு முன்னைவிட மோசமாயிற்று. ஒருவர் விறகு பிளக்கும்போது தம் கைவிரல்கள் மூன்றை வெட்டிக்கொண்டார். அது தற்செயலா அன்றா என்று அவருக்கே பின்னாளில் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. உயிர்ச்சத்து மாத்திரைகள் கொடுத்தும் பயனில்லை. நாளொன்றுக்கு 4,000 கலோரி அளவு உணவு வேண்டும் என்று கீஸ் முடிவுக்கு வந்தார். பிறகு கட்டுப்பாடு நீக்கப்பட்டவர்கள் வயிறு வெடிக்க உண்டனர். வயிறு நிரம்பியும் பசி தீரவில்லை என்றனர். 1950இல் கீஸும் அவருடைய துணைவர்களும் 1,300 பக்கங்களுக்கு மேல் கொண்ட இரண்டு தொகுதிகளாக இதை வெளியிட்டனர். போர் அதற்குள் முடிந்துவிட்டதால், உதவிக் குழுக்களுக்கு அதன் சுருக்கமே முன்கூட்டி அனுப்பப்பட்டது.

போன எடை ஏன் திரும்புகிறது?

அந்தப் பழைய அட்டவணைகளை அரை நூற்றாண்டுக்குப் பின் அப்துல் துல்லூ என்ற அறிஞர் மறுபடி கணக்கிட்டார். 1997இல் அவர் வெளியிட்ட முடிவு இது: மீண்டும் உணவு கிடைத்தபோது கொழுப்புதான் முதலில் விரைந்து திரும்பியது, தசை பின்தங்கியது. இழந்த கொழுப்பு முழுவதும் வந்துசேர்ந்த பிறகும் தசை மீளும்வரை பசி அடங்கவில்லை. ஆகவே கொழுப்பு முன்பிருந்த அளவையும் தாண்டிற்று. திருமணத்துக்கு முன் இரண்டு மாதம் பட்டினி கிடந்து இளைத்தவர், அடுத்த ஆண்டு முன்னைவிடப் பருத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் காரணத்தில் ஒரு பகுதியாவது இங்கே இருக்கிறது.

பத்தியத்தின் முதல் வாரத்தில் எடை மளமளவென்று குறையும். இதைக் கண்டுதான் பலரும் ஏமாறுகிறார்கள். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவு குறைந்ததும் அச்சேமிப்பு கரைகிறது, நீர் வெளியேறுகிறது. தராசில் குறைந்தது பெரும்பாலும் தண்ணீர்தான். பழையபடி உண்டதும் அது திரும்பிவிடும்.

இன்னொரு ஏமாற்றம் கூட்டல் கழித்தலில் இருக்கிறது. 3,500 கலோரியைக் குறைத்தால் ஒரு பவுண்டு எடை குறையும் என்று 1958இல் நியூயார்க் மருத்துவர் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி கணக்குச் சொன்னார். நாள்தோறும் 500 கலோரி குறைத்தால் வாரம் ஒரு பவுண்டு. இக்கணக்கு எப்போதும் இப்படியே சரியாக ஓடுமானால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டரை ஆண்டில் இல்லாமலே போய்விட வேண்டும்! அப்படி நடப்பதில்லை. ஏனெனில் இளைத்த உடல் முன்னைவிடக் குறைவாகவே செலவிடுகிறது. 1995இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லைபலும் அவருடைய துணைவர்களும் செய்த ஆய்வு, இந்தச் சிக்கனம் எடைக்குறைவுக்கு ஏற்ற அளவையும் மிஞ்சியது என்று காட்டியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டியொன்றில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் ஆறாண்டு கழித்து அளந்தார். முடிவு 2016இல் வெளியாயிற்று. பெரும்பாலோருக்கு எடை பெரும்பகுதி திரும்பிவிட்டது. உடலின் சிக்கனமோ அப்படியே இருந்தது. எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே அவர்கள் உடல் எரித்தது.

அப்படியானால் எடையைக் குறைக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படியன்று. பிரிட்டனில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்ததில், நீரிழிவு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலே நோய் தணிந்திருந்தது. ஆனால் அவர்கள் நோயாளிகள். பத்தியத்துக்குப் பிறகு எதை எப்படி உண்பது என்று மாதந்தோறும் வழிகாட்டப்பட்டவர்கள். கல்லூரி விடுதியில் காலைச் சிற்றுண்டியைத் துறக்கும் மாணவிக்கு அது பொருந்தாது.

நீலகிரியில் நடந்த வேறு ஆராய்ச்சி

சிகாகோவிலும் நியூயார்க்கிலும் கலோரியைக் குறைக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் நீலகிரி மலையில் வேறொரு கேள்வி கேட்கப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918இல் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் தம் ஆய்வைத் தொடங்கினார். பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடியவர் அவர். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவு கடைசி இடத்தில் நின்றது. நம்மவர் இதைக் கேட்டு வருந்த வேண்டாம். ஆங்கில ஏழைகளின் உணவான வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், இனிப்புத் தேநீர், டப்பா இறைச்சி ஆகியவற்றை உண்ட எலிகளோ வளர்ச்சி குன்றி, பராமரிப்பவரைக் கடித்து, கடைசியில் ஒன்றையொன்று கொன்று தின்னத் தொடங்கின.

மக்காரிசன் எலியிலிருந்து மனிதருக்குத் தாவி, எந்த இனம் வீரமுள்ளது என்று பேசியதை நாம் ஏற்க வேண்டியதில்லை. அது அக்கால ஆட்சியாளரின் பார்வை. ஆனால் வயிறு நிறைவது வேறு, சத்து நிறைவது வேறு என்பதை அவர் கூண்டுகள் ஐயமற நிறுவின.

அவருக்குப் பின் 1935இல் இயக்குநரான வாலஸ் அய்க்ராய்டு இன்னும் பயனுள்ள வேலையைச் செய்தார். இந்திய உணவுப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பகுத்தாய்ந்து 1937இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். கீரை, கேழ்வரகு, முருங்கை என்று நம் சமையலறைப் பொருள்கள் முதன்முதலாக எண்களோடு வரிசையில் நின்றன. பிற்காலப் பதிப்பின் கணக்குப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம், கேழ்வரகில் 344. இதே அய்க்ராய்டுதான் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை விசாரித்த குழுவின் உறுப்பினராகவும் இருந்தார். கீஸ் ஆய்வகத்தில் கண்டதை அவர் ஊர்களில் கண்டார். குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்குப் போய், பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

இன்று நம் நிலை தலைகீழாகியிருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, 2023இல் இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று கணித்தது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியாயிற்று. இந்தியர் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுப்பொருளிலிருந்தே வருகிறது என்று அது கண்டது. அதில் ஒரு முடிவு பலருக்கு ஏமாற்றம் தரும். வெள்ளையரிசிக்குப் பதிலாக முழுக்கோதுமையோ சிறுதானியமோ அதே அளவு உண்பவர்களிடம் நீரிழிவு வாய்ப்புக் குறைந்து காணப்படவில்லை. மாவுப்பொருளின் மொத்த அளவில் ஒரு சிறு பகுதி, அதாவது ஆற்றலில் 5 சதவீதம், பருப்பு அல்லது பால் வகைப் புரதமாக இருந்தவர்களிடம்தான் வாய்ப்புக் குறைந்திருந்தது.

நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 100 கலோரி. அரிசிக் கணக்கில் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடி குறைந்த இடத்தில் சுண்டலோ, பாசிப்பயறோ, தயிரோ, இவற்றில் எது எவ்வளவு புரதம் தரும் என்று பார்க்க விரும்புவோருக்கு, குன்னூரில் தொடங்கிய அதே அட்டவணையின் வழித்தோன்றல் 528 உணவுப்பொருள்களோடு 2017இல் ஐதராபாத் நிறுவனத்தால் வெளியிடப்பட்டிருக்கிறது.